சுதந்திர பூமியில் கடன் விலங்கு!

அமெரிக்காவைச் சுதந்திர பூமி என்கிறார்கள். அங்கே வேலையை விட்டு விலகும் சுதந்திரத்துக்கு என்ன விலை என்று பார்ப்போம்!

'பெட்ஸ்மார்ட்' ஊருக்கு ஊர் வளர்ப்புப் பிராணிக் கடை நடத்தும் பெருங் கம்பெனி. 2015-ல் மூலதன முதலைகள் அதை 870 கோடி டாலருக்கு வாங்கினார்கள். நாய்க்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் தொழிலாளியிடம் இந்தக் கோடீசுவரக் கம்பெனி எழுதி வாங்கிய பத்திரம் என்ன? பயிற்சிக்கு 5,000 டாலர், கத்தரி முதலிய கருவிகளுக்கு 500 டாலர் உன் பேரில் கடன். இரண்டு வருஷத்துக்குள் விலகினால் கட்டிவிட்டுப் போ!

விளம்பரத்தில் இதற்குப் பெயர் 'இலவசப் பயிற்சி'! பெயரளவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, காசு கொடுக்கும் வாடிக்கைக்காரரின் நாய்களைத் தந்தே வேலை வாங்கினார்கள். விலகியதும் கடன் வசூல்காரனை ஏவினார்கள் என்று கலிபோர்னியாவில் ஒரு பெண் தொழிலாளி 2022-ல் வழக்குத் தொடுத்தார்.

நமக்கு இது புதிதா, தோழர்களே? முன்பணம் கொடுத்துப் பண்ணையாளைக் கட்டிப்போட்ட மிராசுதாரின் தந்திரம்தானே! அவனாவது கையில் ரொக்கம் கொடுத்தான். இவர்களோ கடனாக ஒரு காசும் தராமலே கடன்காரனாக்குகிறார்கள். கூலியை உயர்த்தினால் ஆள் தானே நிற்பான். உயர்த்த மனமில்லாதவனுக்குத்தான் பத்திரம் வேண்டும்!

2025-ல் கலிபோர்னியா இத்தகைய பத்திரங்களுக்குத் தடைச் சட்டம் இயற்றியது; 2026 ஜனவரி முதல் எழுதப்படுபவற்றுக்கே அது பொருந்தும். இந்தியாவிலும் 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் தானாகக் கடன் சீட்டைக் கிழித்ததா? தொழிலாளர் சங்கமாகத் திரண்ட இடத்தில்தான் அது கிழிந்தது. அங்கும் அதுவே வழி!