பர்ணசாலையோடு தூக்கினானா?

1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் இராமாயணத் தொடர் ஆரம்பமாயிற்று. நான் அப்போது திண்டிவனத்தில் வங்கிப் பணியில் இருந்தேன். தொடர் இந்தியில், எனக்கோ இந்தி வாராது. ஆயினும் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஐந்து வயது மகனை மடியில் இருத்தி, கம்பன் விழாக்களில் கேட்டதைக் கொண்டு தமிழில் கதை சொல்வேன்.

சீதாபகரணம் வந்தது. "பிராட்டியைத் தீண்ட அஞ்சி, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் இராவணன்" என்றேன். குழந்தை திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "கையைப் பிடிச்சுதானேப்பா இழுக்கறான்?"

வால்மீகியில் தொட்டே தூக்குகிறான். கம்பருக்கு அது மனம் ஒப்பவில்லை. இதை அவனுக்கு விளக்காமல், "டிவியில் தப்பா எடுத்துட்டாங்க" என்று தப்பித்துக்கொண்டேன். அதிகாரியாகி ஓய்வு பெற்ற பின்னும் உறுத்திய பொய் அது.

சென்ற மாதம் விழுப்புரம் வீட்டில் பேரன் இராமாயணக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். அது தமிழே பேசுகிறது. என் உதவி வேண்டியிருக்கவில்லை. அதே காட்சி. என் மகன், "இது தப்புடா, தாத்தாவைக் கேளு" என்றான்.

இம்முறை இரண்டையும் சொன்னேன். பேரன் யோசித்தான்.

"எதுல தாத்தா சீதைக்கு வலிக்காது?"

"கம்பர் சொன்னதில்."

"அப்ப அதையே சொல்லு."