மிதித்தவர் பெயர்

கோட்டையும் பட்டயமும் உள்ள வம்சங்களைவிட வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயரே எனக்கு உயர்வாகப் படுகிறது. நடப்பவர் என்று நினைத்துவிடுகிறோம். அவர் துணி மிதித்தவர். தறியிலிருந்து இறங்கிய முரட்டுக் கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலால் மணிக்கணக்காக மிதிப்பார். பிசுக்கு நீங்கும், இழை இறுகும், துணி கெட்டிப்படும். குளிர்நாடே போர்த்திக்கொண்டது அந்த நாற்றத்தில் நின்ற கால்களின் உழைப்பைத்தான். இதே தொழிலாளி இங்கிலாந்தின் தென்மேற்கில் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், வடக்கில்தான் வாக்கர். 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நீர்ச்சக்கரத்தில் இயங்கி, கால்களுக்குப் பதில் துணியை இடிக்கும் மரச் சம்மட்டிகள் அங்கே வந்துவிட்டன. மிதிக்கும் வேலை மெல்ல மறைந்தது. பெயர் பிள்ளைகளோடு தங்கிவிட்டது.