அலையும் நரம்பு, எரியும் குடல்

ஆர்.கே. புரத்தில் எங்கள் பிளாக்கின் மூன்றாவது மாடியில் இருக்கும் திருநெல்வேலிக்காரப் பையனுக்குத் தில்லியின் கழிப்பறைகள் எல்லாம் அத்துப்படி. கனாட் பிளேஸில் எந்த ஹோட்டலில் கேள்வி கேட்காமல் உள்ளே விடுவார்கள், எந்த மெட்ரோ நிலையத்தில் டிக்கெட் எடுக்காமலே போய்விட்டு வரலாம் என்பதெல்லாம் மனப்பாடம். ஐந்து வருடமாக அவனுக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, நோய் முற்றும்போது நாளைக்கு எட்டு, பத்து தடவை ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு. போன வாரம் மொபைலை நீட்டினான். காதில் கிளிப் மாதிரி மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றின் படம்.

"நரம்புக்கு லேசா கரண்ட் கொடுத்தா குடல் புண்ணு ஆறிருமாம் சார். மாத்திரையை நிறுத்திரலாமா?"

முதல் விஷயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. இரண்டாவதற்குப் பதில்: கூடவே கூடாது.

நரம்பின் பெயர் வேகஸ். லத்தீனில் 'அலைந்து திரிவது' என்று பொருள். மூளையின் அடியிலிருந்து கிளம்பி, கழுத்து, இதயம், நுரையீரல் என்று சுற்றிக்கொண்டு குடல்வரை போகிறது. மேலிருந்து உத்தரவு போடும் கம்பி என்று தோன்றும். ஆனால் அதன் இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு, கீழே நடப்பதை மூளைக்குச் சொல்பவை. மீதி இழைகளில்தான் சுவாரஸ்யம். 2000இல் நியூயார்க்கைச் சேர்ந்த கெவின் டிரேசியின் குழு, எலிகளின் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது டி.என்.எஃப். என்ற பொருள் உடலில் சுரப்பது குறைந்ததைக் கண்டது. அழற்சி என்ற தீக்கு எண்ணெய் ஊற்றும் பொருள் அது. குரோன்ஸ் என்ற இன்னொரு குடல் நோய்க்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் ஊசி முடக்குவதும் இதே டி.என்.எஃப்.பைத்தான். விலையுயர்ந்த ஊசி செய்யும் வேலையில் ஒரு பகுதியை உடலின் சொந்த நரம்பே செய்யுமானால்?

பிரான்சின் கிரனோபிள் நகரில் புருனோ பொனாஸ் அதைச் சோதித்துப் பார்த்தார். கழுத்தில் நரம்பைச் சுற்றி மின்முனை. மார்புத் தோலுக்கடியில் பேட்டரி. 2016இல் வெளியான முடிவில் குரோன்ஸ் நோயாளிகள் ஏழு பேர். ஆறு மாதத்தில் ஐந்து பேருக்குக் குணம் தெரிந்தது. இரண்டு பேருக்கு நோய் மோசமாகிப் பாதியில் விலக்க வேண்டியதாயிற்று. ஏழே பேர், ஒப்பிட்டுப் பார்க்க வேறு தரப்பும் இல்லை. அடுத்து அறுவை சிகிச்சை வேண்டாத வழி. வேகஸின் ஒரு கிளை காது மடலுக்கும் வருகிறது. அங்கே தூண்டிப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2023இல் வந்தது: சிறுவர்களும் இளைஞர்களுமாக 22 பேர். தொடக்கத்தில் நோய் அறிகுறி இருந்தவர்களை மட்டும் பார்த்தால், பதினாறு வாரத்தில் குரோன்ஸ் உள்ளவர்களில் பாதிப் பேருக்கும், கோலைட்டிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் நோய் அடங்கியது. நம்பிக்கை தரும் எண்கள்தான். ஆனால் ஒரு டி.டி.சி. பஸ்ஸில் இதைவிட அதிகம் பேர் நின்றுகொண்டே போகிறார்கள். 2025 ஜூலையில் அமெரிக்க அரசு இந்த வகைக் கருவி ஒன்றுக்கு அனுமதி தந்தது. ஆனால் அது ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்கு; குடலுக்கு அல்ல.

நம் நாட்டுக்கு இதில் தனி அக்கறை உண்டு. குடல் அழற்சி மேல்நாட்டு நோய் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். லூதியானாவின் அஜித் சூட் குழு பஞ்சாபில் கணக்கெடுத்து 2003இல் வெளியிட்டபோது, லட்சத்துக்கு 44 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருந்தது. டி.என்.எஃப்.பை முடக்கும் ஊசியோ உடலில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோயைத் தட்டி எழுப்பக்கூடியது. காசநோய்க் கிருமி இத்தனை பேர் உடலில் குடியிருக்கும் நாட்டில் டாக்டர்கள் தயங்குவது நியாயம். குடல் காசநோயும் குரோன்ஸும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் வேறு. சந்தேகத்தில் முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, மாதங்களை இழந்தவர்கள் இங்கே ஏராளம். அதனால் மருந்தில்லாத வழி என்றால் கிரனோபிளைவிடத் தில்லியில்தான் காது அதிகம் நிமிரும்.

அந்த ஆசையைத்தான் வியாபாரிகள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஆய்வில் பயன்பட்ட கருவி வேறு, இணையத்தில் விற்பது வேறு. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மெதுவாக மூச்சு விட்டாலும் வேகஸ் விழிக்கும் என்று யோகா மாஸ்டர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். மனசுக்கு நல்லது, ஆனால் அது புண்ணுக்குக் களிம்பு இல்லை. மாத்திரையை நிறுத்தினால் அடங்கிய நோய் திரும்பும். ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால் பெருங்குடல் புற்றுநோய் அபாயமும் கூடும்.

எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. அன்சாரி நகரின் எய்ம்ஸில் வினீத் ஆஹூஜா, சௌரப் கேடியா குழுவினர், கிராமத்து ஆரோக்கியசாலிகளின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களை நோயாளிகளின் குடலில் செலுத்தி, அழற்சி குறைக்கும் உணவும் கொடுத்தார்கள். கேட்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் 2022இல் வெளியான அந்த ஆய்வில் எதிர்த்தரப்பு இருந்தது. எட்டு வாரத்தில் புதிய முறையில் 35 பேரில் 21 பேருக்கு நோய் அடங்கியது. வழக்கமான மருந்தில் 31 பேரில் 10 பேருக்கு. காது கிளிப்புக்கும் இப்படி ஒரு கணக்கு வரட்டும்.

படத்தை டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். மாத்திரையைத் தொடர்கிறான். வியாழக்கிழமை ஓ.பி.டி.; காலை ஆறு மணிக்கே க்யூவில் நிற்க வேண்டும். அவனுடைய கவலை நரம்பைப் பற்றி அல்ல. போகிற வழியில் எங்கே நிறுத்தலாம் என்று ஆட்டோக்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொண்டிருந்தான்.