டிரங்குப் பெட்டிக்குச் சாவி இருந்தது
போட்டோக்களை எந்த ஆன்லைன் சேவையில் போட்டு வைக்கலாம் என்று நண்பர் கேட்டபோது, கோவில்பட்டி வீட்டில் இருக்கும் அம்மாவின் டிரங்குப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. ஓவியர் கொண்டையராஜுவின் தேவி ஆர்ட் ஸ்டூடியோ இருந்த ஊர் இது. ஸ்டூடியோவுக்குப் போவதே அப்போது ஒரு விசேஷம். பெட்டியில் அம்மாவும் அப்பாவும் விறைத்து நிற்கும் கல்யாணப் படம், ஓரத்தில் கரையான் அரித்த தடம், முதுகில் பென்சிலால் எழுதிய தேதி. சாவி இருந்ததால், அம்மா போன பிறகும் பெட்டியை எங்களால் திறக்க முடிந்தது. ஆன்லைன் கணக்கு அப்படியல்ல. கூகுள் போட்டோஸில் அளவில்லா இலவசம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்ததும், மெயிலையும் சேர்த்து 15 ஜிபிதான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஆண்டு தொடாமல் கிடந்தால் கணக்கையே அழித்துவிடலாம் என்ற விதிதான் எனக்கு நெஞ்சில் தைக்கிறது. இறந்தவர் எப்படித் தொடுவார்? விலையை விட, எனக்குப் பின் யார் திறப்பார்கள் என்பதைப் பார்த்துத்தான் சேவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். கூகுளில் ‘செயல்படாத கணக்கு’ ஏற்பாடு இருக்கிறது, ஆப்பிளிலும் வாரிசைக் குறிக்க வழியுண்டு. இன்றைக்கே பிள்ளையின் பெயரை அதில் பதிந்துவிடுங்கள். ஒரு பிரதியை ஹார்டு டிஸ்கிலும் போட்டு வையுங்கள்.