ஊசி போட்டவர் கையும் பை தூக்குபவர் கையும்

2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்டபோது தமிழகம் கொதித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட, அவை லாரிகளில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டன. மறு ஆண்டு, மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுவோர்மீது குண்டர் சட்டம் பாய வழிசெய்யும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. நல்லதுதான். ஆனால் நம் ஊர் மருத்துவமனைகளில் இதே கழிவை அன்றாடம் அள்ளுகிறவர்களுக்காக அந்தக் கோபம் எழவில்லை. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், ஒப்பந்தக் கூலிகள், பெண்கள்.

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 சொல்வது எளிது. கழிவு உருவாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சும் நஞ்சுக்கொடியும் மஞ்சள் பையில். குளுக்கோஸ் குழாயும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்புப் பையில். ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டியில். அதாவது, ஊசி போட்டவரே அதை வெள்ளைப் பெட்டியில் சேர்க்க வேண்டும். அவர் தவறினால், மஞ்சள் பையைத் தூக்கும் பெண்ணின் உள்ளங்கையில் அது ஏறும். தடுப்பூசி போடாதவருக்கு அந்த ஒரு குத்தில் ஹெபடைடிஸ்-பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை உண்டு.

ஜவ்வாது மலை போன்ற இடங்களில் இந்த ஆபத்து கூடுகிறது. மஞ்சள் பைக் கழிவுகளைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மழையில் மலைச்சாலை அடைபட்டால் கழிவு வண்டி எப்படி வரும்? பொதுச் சுத்திகரிப்பு நிலைய வசதி எட்டாத ஊர்களில் முன்அனுமதியோடு ஆழப் புதைக்க விதி இடம் தருகிறது. ஆனால் அந்தக் குழி பிளாஸ்டிக்குக்கும் ஊசிக்கும் உரியதல்ல. எனவே பிரித்தே ஆக வேண்டும். ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்து குத்துப்பட்டதை மறைக்கும் ஒப்பந்தப் பணியாளருக்கு அந்த நேரம் எப்படிக் கிடைக்கும்?

நாம் புதிய சலுகை எதையும் கேட்கவில்லை. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசி, கையுறை, ஆண்டுக்கொரு உடல் பரிசோதனை, பயிற்சி ஆகியவை அந்த விதிகளிலேயே இருக்கின்றன. மலை பரவியுள்ள திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்ட நிர்வாகங்கள் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இரண்டு பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கட்டும்: தடுப்பூசிப் பதிவேடு, ஊசிக்குத்துப் பதிவேடு. ஒப்பந்தப் பணியாளரின் பெயர் அவற்றில் இருக்கிறதா? பிரிக்க வேண்டியவர் ஒருவர், பிரிக்காததற்கு நோயைச் சுமப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு சாதி நமக்குப் பழக்கிவைத்தது. மருத்துவமனைக்குள் அதற்கு இடமில்லை.