உப்புக்காற்றில் ஒரு கைத்துப்பாக்கி

துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் தமிழ்நாட்டில் ரொம்பக் குறைவு. 2016 கடைசியில் மத்திய உள்துறை வைத்திருந்த கணக்குப்படி நாடு முழுக்க 33 லட்சத்து 69 ஆயிரம் சொச்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில்? 22 ஆயிரம் சொச்சம்! அங்கே கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது கௌரவம், இங்கே சரவெடியோடு ஆசை அடங்கிவிடும். (2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது, கொண்டாட்டத்துக்குச் சுடுவதற்கென்றே தனியாக ஒரு தண்டனையை எழுதிச் சேர்க்க வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஆனாலும் யோசிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மரக்காணம் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும்போது வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் தெரியுமே, அந்த உப்பளங்கள். அதைச் சுற்றி இறால் குஞ்சு பொரிப்பகங்கள், சவுக்குத் தோப்புகள், நகரத்துக்காரர்கள் கட்டிப்போட்ட பண்ணை வீடுகள். இரவில் நாய் குரைத்தால் எட்டிப் பார்க்கப் பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. கையில் நாலு காசு புரளும் ஒருவருக்கு அங்கே, இடுப்பில் செருகக்கூடிய, முழுக்க உலோகத்தால் ஆன ஒரு சின்ன பிஸ்டல் மீது ஆசை வந்தால் ஆச்சரியமில்லை. வாங்குவதற்கு முன் அவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்தால் அவர் வாங்காமல் திரும்பிவிடுவார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

முதலில் சந்தையில் என்ன கிடைக்கும்? அமெரிக்கக்காரர் போல சுடுதளத்துக்குப் போய், வாடகைக்கு நாலு விதமான பிஸ்டல் எடுத்து, சுட்டுப் பார்த்து, பிடித்ததைப் பொறுக்குகிற வசதி இங்கே இல்லை. உலகமே வைத்திருக்கும் 9 மி.மீ. இங்கே தடை செய்யப்பட்ட ரகம், ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா என்பதால். சாதாரண ஆளுக்கு பிஸ்டல் என்றால் அநேகமாக .32 தான், அதாவது 7.65 மி.மீ.

இந்த .32-க்கு நம் பக்கத்தில் ஒரு சரித்திரம் உண்டு. ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர், பெல்ஜியத்து எஃப்.என். கம்பெனிக்காக 1900-ஐ ஒட்டி இந்தத் தோட்டாவையும் அதற்கேற்ற பிஸ்டலையும் வடிவமைத்தார். சட்டைப்பைக்குள் அடங்கும், முழு எஃகு, 7 குண்டு. பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல் ஒன்றுதான் 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது. கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் 1878 ஆயுதச் சட்டம் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் செல்லாது. அதனால்தான் வ.வே.சு. ஐயர் போன்றவர்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு துப்பாக்கிப் பயிற்சி கொடுக்க முடிந்தது. மரக்காணம் அந்த எல்லையிலிருந்து மாட்டு வண்டி தூரம். ஆக, நூறு வருஷம் தாண்டியும் சட்டப்படி வாங்க நினைக்கிறவர் அதே தோட்டாவில்தான் வந்து நிற்கிறார்.

அரசுத் தொழிற்சாலைகளில் செய்யும் .32 பிஸ்டல்கள் உண்டு. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் அதில் பேர் பெற்றது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது, சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிக்குப் போயின. நம் திருச்சி தொழிற்சாலையும் அதன் கீழ்தான். இன்னொரு வழி, பழைய வெளிநாட்டுச் சரக்கு. தனியார் இறக்குமதியை 1980-களில் நிறுத்திவிட்டதால், அதற்கு முன் வந்த வால்தர், பிரவுனிங் எல்லாம் இன்று உரிமக்காரர்களுக்குள் பல லட்சத்துக்குக் கைமாறுகின்றன. நாற்பது ஐம்பது வயதுச் சாமானை, உதிரி பாகம் கிடைக்காத சாமானை, பெயருக்காக அந்த விலை கொடுத்து வாங்குவது மூடத்தனம். பழைய அம்பாசடர் காரையாவது மெக்கானிக் ஷெட்டில் ஒட்டிவிடலாம்.

இப்போது 'முழு உலோகம்' என்ற பெருமைக்கு வரலாம். இதை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம் சரியானதுதான். .32 பிஸ்டல்களில் பெரும்பாலும் பூட்டு அமைப்பு எதுவும் இல்லை. குண்டு வெடிக்கும்போது மேல்பகுதியான ஸ்லைடு தன் எடையாலும் சுருள் வில்லாலும்தான் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்து, பிறகு பின்னால் நகர்ந்து, காலித் தோட்டாவைத் தள்ளிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்கிறது. எடை இருந்தால் கை அதிராது, குறி விலகாது. பிளாஸ்டிக் உடம்பை கிளாக் கம்பெனி 1980-களில் பிரபலமாக்கியபோது பழைய ஆட்கள் முகம் சுளித்தது இதனால்தான்.

ஆனால் உப்பளக்காரரைக் கேட்டால் வேறு பதில் வரும். பாத்தியில் உப்பை வாருவதற்கு அவர்கள் வைத்திருப்பது மரப் பலகை. இரும்புக்கு அங்கே ஆயுள் கிடையாது என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் சாதாரண உப்புத் துகளே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடற்கரையில் அதற்குக் கீழே எந்த நாள் இறங்கும்? கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூசி ஒன்று எஃகின்மேல் உட்கார்ந்தால், பகல் முழுக்க அது சொட்டு உப்பு நீராகவே இருந்து அரித்துக்கொண்டிருக்கும் என்று அர்த்தம். கருநீலப் பூச்சு பார்க்க அழகு, தடுப்பு என்று பார்த்தால் எண்ணெய் இருக்கும்வரைதான். நிக்கல் முலாம் தேவலை, ஒரு இடத்தில் உரிந்தால் அதன் அடியில் துரு ஓடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் குளோரைடுக்குத் தப்பாது, புள்ளி புள்ளியாகக் குழி விழும். எடை குறைக்க அலுமினியச் சட்டமும் எஃகு ஸ்லைடுமாகச் செய்த பிஸ்டல் என்றால், உப்பு நீரில் இரண்டு உலோகம் ஒட்டிக் கிடந்தால் ஒன்று மற்றதைத் தின்னும். பிளஸ் டூ வேதியியலில் படித்த மின்கலம் இடுப்பிலேயே தொங்கும்!

வெளியில் தெரியும் துரு பிரச்சினையே இல்லை, துடைத்துவிடலாம். மேகசினைக் கழற்றி, அறை காலி என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தால் அது போயே போயிற்று. கைப்பிடித் தகடுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும், வியர்வையும் உப்பும் சேருமிடம் அதுதான். மேகசின் வில், சுடும் ஊசி ஓடும் துளை, இரண்டும் விற்பவர் காட்டாத இடங்கள். தோல் உறையில் போட்டு வைத்திருந்தார்களா என்றும் கேட்க வேண்டும், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரைத் தானியங்கியின் அடிப்படைக் கோளாறே இது. ஒரு வில் சோர்ந்தால், ஒரு தோட்டா நமுத்தால், அந்த வரிசை நின்றுவிடும். ரிவால்வரில் விசையை இன்னொரு தடவை இழுத்தால் அடுத்த தோட்டா வரும். பிஸ்டலில் சிக்கலை எடுக்க இரண்டு கையும் பயிற்சியும் வேண்டும், அதுவும் இருட்டில், பயத்தில்.

சட்டம் பக்கம் சுருக்கமாக: விழுப்புரம் கலெக்டரிடம் உரிமம், போலீஸ் அறிக்கை, 2016 விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. உரிமம் ஐந்து வருஷம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம் சிறை. பூட்டி வை என்பதும் அவசரத்துக்கு எடு என்பதும் எப்படி ஒத்துப்போகும் என்று யாரும் சொல்வதில்லை.

எதற்காக இது? இந்தக் கேள்வியைத்தான் பிஸ்டல் பார்க்கிறவர்கள் கடைசியில் கேட்கிறார்கள், அல்லது கேட்பதே இல்லை. 1993-ல் அமெரிக்காவில் கெல்லர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கி இருக்கும் வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு இல்லாத வீட்டைவிட 2.7 மடங்கு என்றது. அதிலும் பெரும்பாலும் சுட்டவர் குடும்பத்தார் அல்லது தெரிந்தவர். அந்த ஆய்வின்மேல் சண்டைகள் உண்டு, இருக்கட்டும். மரக்காணத்தில் சாவு எந்த வழியாக வந்திருக்கிறது? 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்தோ வருஷா வருஷம். இதில் எதைச் சுடுவது?

சுடக்கூடிய ஒரே நாள் என்று வேண்டுமானால் 2013 ஏப்ரல் 25-ஐச் சொல்லலாம். மாமல்லபுரம் சித்திரை விழாவுக்குப் போனவர்களுக்கும் மரக்காணம் தலித் மக்களுக்கும் இடையே மோதல் வெடித்து, வீடுகளும் பேருந்துகளும் எரிந்து, இரண்டு உயிர் போன நாள். அன்று கல்லும் தீயும் இருந்தன. ஆளுக்கொரு .32 இருந்திருந்தால்? லட்ச ரூபாய் பிஸ்டலும் உரிமமும் வாங்க முடிகிறவர் தெருவின் எந்தப் பக்கம் இருப்பார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2014-ல் பெண்களுக்கென்று கான்பூரில் 'நிர்பீக்' என்ற ரிவால்வர் வந்ததே, அதன் விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம். உப்பளத்தில் வெறுங்காலோடு நிற்கும் பெண்ணுக்கா அது?

உப்பும் துப்பாக்கியும் ஒரே காகிதத்தில் இருந்த காலமும் உண்டு. 1930 ஜனவரியில் காந்தி 'யங் இந்தியா'வில் வைத்த பதினோரு கோரிக்கைகளில் உப்பு வரியை நீக்கு என்பது ஒன்று. தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் கொடு, அது மக்கள் கட்டுப்பாட்டில் இருக்கட்டும் என்பது இன்னொன்று. ஆம், காந்திதான்! வரி போனது. துப்பாக்கியை மட்டும் சுதந்திர இந்தியா 1959 சட்டத்தில் உரிமத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அந்த 'மக்கள் கட்டுப்பாடு' என்ற சொல்லைக் கவனித்தால், நாடு காந்திக்கு எதிராகப் போய்விட்டதாகச் சொல்ல முடியாது.

இத்தனைக்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்கிறவருக்கு ஒரு தகவல். தேர்தல் அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். முடிவு வரும்வரை பிஸ்டல் அங்கேதான் இருக்கும். ஒப்படைக்கும் முன் நன்றாக எண்ணெய் போட்டுக் கொடுப்பது நல்லது. ஸ்டேஷன் ஜன்னலிலும் அதே கடல் காற்றுதான் வீசுகிறது.