கைகுலுக்கலும் கடற்கரையும்

பல்தேசியக் கம்பனி ஒரு நாட்டுக்குள் வரும்போது, அங்கே முடிவெடுப்பவர் யார் என்றே முதலில் பார்க்கும். சட்டம் வலுவான நாட்டில் சட்டத்தரணியைத் தேடும். தலைவரே எல்லாம் என்றால் தலைவரைத் தேடும்.

நமது நுரைச்சோலையைப் பாருங்கள். 900 மெகாவாற் அனல் மின் நிலையத்தைக் கட்டியது சீன அரசுக் கம்பனி. கடன் தந்தது சீன எக்சிம் வங்கி. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் இலங்கை வந்தபோதே இரண்டாம் கட்டம் திறந்துவைக்கப்பட்டது. கடனும் கட்டடமும் நட்பும் ஒன்றாகவே வந்தன.

மன்னார்க் காற்றாலைத் திட்டமோ போட்டி விலைமனு இன்றி அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. ஆட்சி மாறி, மின் விலை மீளாய்வுக்கு வந்தது. 2025 பெப்ரவரியில் குழுமம் விலகிக்கொண்டது. தலைவர்களோடு கட்டிய உறவு தலைவர்களோடே போய்விடுகிறது.

மின்சாரம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், நான் இரவில் படிப்பதும் அந்த வெளிச்சத்தில்தான். ஆனால் பள்ளிவாசல் கூரையை மாற்றவே மஷூரா செய்யும் நாம், கடலையும் காணியையும் மாற்றும் ஒப்பந்தத்துக்கு மஷூரா வேண்டாம் என்பதா? கையெழுத்துக்கு முன்பே அது தமிழிலும் சிங்களத்திலும் மீனவர், விவசாயிகள் கைக்கு வரவேண்டும். கைகுலுக்குவது இருவர், கரையில் வாழ்வது நாம்.